குல்லா போட்ட ஜெபம்

கணவன்: அவ்வளவுதானா?

மனைவி: எது?

கணவன்: ஜெபம். அதுக்குள்ள ஆமென் போட்டுட்டே.

மனைவி: சாப்பாடு ஆறுது, சீக்கிரம் முடின்னு நாப்பது வருஷமா கத்தின மனுஷன் கேக்கற கேள்வியா இது? குழாயில தண்ணி வந்ததுக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். மாடிப்படி விளக்கு எரியறதுக்குச் சொன்னேன். உங்க முட்டி இன்னைக்கு மடங்கினதுக்கும் சொன்னேன். வேற என்ன இருக்கு?

கணவன்: எதையோ விட்டுட்டே.

மனைவி: அது உங்களுக்கு எப்படித் தெரியும்? மர ஆலையில ரம்பத்துக்குப் பக்கத்துல நின்னே ரெண்டு காதையும் தொலைச்சுட்டு வந்தவரு நீங்க. கத்திக் கத்தி என் தொண்டைதான் போச்சு.

கணவன்: உன் உதட்டைப் பாக்கறேன்ல. நேத்து ரொம்ப நேரம் அசைஞ்சுது.

மனைவி: ஓ, கண்ணை மூடாமத்தான் ஜெபமா? முதல்ல அந்தக் குல்லாவைக் கழட்டுங்க. ஜெபத்துல ஆம்பளைங்க தலையில எதுவும் இருக்கக் கூடாதுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ரெண்டு வாரமா பாக்கறேன், தூங்கறப்போதான் கழட்டறீங்க. அதுவும் விளக்கை அணைச்சப்புறம்.

கணவன்: குளுருது.

மனைவி: கழுத்துல வேர்த்து ஒழுகுது, குளுருதாம்.

கணவன்: குல்லாவை எல்லாம் போதகர்தான் பாப்பாரு. ஆண்டவருக்கு வேற வேலை இருக்கு. நீ இன்னொரு தடவை பண்ணு.

மனைவி: பண்ணின ஜெபத்தையா?

கணவன்: விட்டதையும் சேத்துப் பண்ணு.

மனைவி: மேசையில நன்றி மட்டும்தான், கேக்கறதெல்லாம் படுக்கப் போறப்ப. உங்க அம்மா வச்ச சட்டம்தானே? நன்றி சொல்ல ஏதாவது வந்தாத்தானே சொல்றதுக்கு...

கணவன்: இன்னும் வரலையா?

மனைவி: என்ன வரலை?

கணவன்: ஒண்ணுமில்ல. அந்த முட்டையை இப்படித் தள்ளு.

மனைவி: தள்ளினா ஏன் எந்திரிக்கறீங்க?

கணவன்: ஜன்னல்...

மனைவி: திறந்துதான் இருக்கு. உக்காருங்க. காலையிலேர்ந்து ஒரு இடத்துல இருப்புக் கொள்ளலை உங்களுக்கு.

கணவன்: உனக்கு மட்டும் கொள்ளுதாக்கும். போனை மடியில வச்சு அடைகாத்துக்கிட்டு இருக்கே.

மனைவி: தையல்காரி கூப்பிடுவா.

கணவன்: ம்... ஊரெல்லாம் காய்ச்சலாமே. சின்னப் பிள்ளைங்களுக்கு.

மனைவி: யார் சொன்னா?

கணவன்: மருந்துக்கடைக்காரன். விக்கறவன் பேச்சை எவன் நம்புவான்? ஆனா... நூத்தி ரெண்டு வரைக்கும் போகுதுங்கறான்.

மனைவி: சாப்பிடற நேரத்துல காய்ச்சல் பேச்சு எதுக்கு?

கணவன்: எடு. போன் அடிக்குது.

மனைவி: உங்களுக்கு எப்படி...

கணவன்: வெளிச்சம் தெரிஞ்சுது. எடு முதல்ல.

மனைவி (போனில்): சொல்லும்மா... இறங்கிடுச்சா? எப்போ?... நூறுக்கும் கீழேயா... பால் குடிச்சாளா?... கடிச்சாளா? ரெண்டே ரெண்டு பல்லை வச்சுக்கிட்டு... அழாதடி. அதான் இறங்கிடுச்சே... அப்பாவா? எதிர்லதான் இருக்காரு. இடி விழுந்தாக்கூடக் கேக்காது, நீ பேசு... இல்லம்மா. நாலு வருஷமா உன் பேரை எடுத்தாலே தட்டைத் தள்ளிட்டு எந்திரிக்கறவரு, இன்னைக்கு மட்டும் மாறவா போறாரு... சரி, வச்சுடறேன்.

கணவன்: யாரு?

மனைவி: தையல்காரி.

கணவன்: என்னவாம்?

மனைவி: தச்சு முடிச்சுட்டாளாம்.

கணவன்: அதுக்கு ஏன் கண்ணு கலங்குது?

மனைவி: வெங்காயம்.

கணவன்: அவிச்ச முட்டையில ஏது வெங்காயம்?

மனைவி: சாப்பிடுங்க, பேசாம.

கணவன்: சாப்பிடலாம். முதல்ல கண்ணை மூடு. நான் பண்றேன்.

மனைவி: என்ன பண்றீங்க?

கணவன்: ஜெபம்.

மனைவி: நீங்களா? நம்ம கல்யாணத்தன்னைக்கு போதகர் கேட்டே வாயைத் திறக்கலை... சரி, குல்லாவையாவது கழட்டுங்க.

கணவன்: கழட்டறேன். நீ கண்ணை மூடு... ஆண்டவரே, எனக்கு இவளை மாதிரி சொல்ல வராது. தண்ணிக்கும் விளக்குக்கும் முட்டிக்கும் இவ சொல்லிட்டா. விட்டதை நான் சொல்றேன். காய்ச்சல் நூத்தி ரெண்டோட நின்னதுக்கு நேத்து இவ சொன்னா. இன்னைக்கு இறங்கினதுக்கு நான் சொல்றேன். குடிச்ச பாலுக்கு. அந்த ரெண்டு பல்லுக்கு. கடிக்கறதுக்கும்தான். அப்புறம் அவ அம்மாவுக்கு... எம் பொண்ணுக்கு. ஆமென். நீயும் ஆமென் சொல்லு.

மனைவி: என்னங்க அது... காதுக்குப் பின்னாடி?

கணவன்: காது மெஷின். அந்த மெஷின் கடைக்காரனை நம்பறதா வேண்டாமான்னு ஒரு மாசம் போட்டுப் பாக்க எடுத்துட்டு வந்தேன். அன்னைக்கே திடீர்னு காட்டி உன்னை அசத்தத்தான் குல்லாவுக்குள்ள மறைச்சுக்கிட்டு மேசைக்கு வந்தேன். நீ கண்ணை மூடிக்கிட்டு, பேத்திக்கு முதப் பல்லு முளைச்சதுக்கு ஸ்தோத்திரம்னே. எனக்குப் பேத்தி இருக்கறதே அப்பத்தான் தெரியும்.

மனைவி: அப்போ இந்த ரெண்டு வாரமா...

கணவன்: பதினாறு நாள். எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் ஆமென் சொன்னேன், ஒரு தடவைகூட சும்மா சொல்லலை. எனக்குக் காது கேக்குதுன்னு தெரிஞ்சா, நீ அவளைப் பத்தி ஆண்டவர்கிட்ட சொல்றதை நிறுத்திடுவியேன்னுதான் குல்லாவைக் கழட்டலை.