மொகச் செவப்புக்கு ஒரு ஆபரேஷன்

...அதெல்லாம் முடியாது டெய்லரம்மா, உக்காருங்க! தைக்க வேண்டியது கெடக்குன்னு நழுவப் பாக்காதீங்க. ஐசியூ கதவத் தொறந்ததும் நீங்கதான் மொதல்ல தலைய நீட்டணும். அதுக்குத்தான வரச் சொன்னேன்? இல்லன்னா, வருஷக்கணக்கா மாடிப்படியில மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போற நமக்குள்ள என்ன பேச்சு?

பின்ன என்னங்க! தைக்கக் குடுத்த துணிய வாங்க உங்க கடைக்கு வந்தா போதும், என் வீட்டுக்காரர் மொகம் செவந்து போகும். என்னன்னு கேட்டா "வெக்கையா இருக்கு"ம்பார். தலைக்கு மேல ஃபேன் சுத்துது, என்ன வெக்கை? உங்க மேலதான் கண்ணுன்னு ஆடித் தீத்துட்டேன் நான். பாத்திரமெல்லாம் பறந்துச்சு. கடைசில அந்த மனுஷன், "ஆமாண்டி, ஆமா, ஆள விடு"ன்னு ஒத்துக்கிட்டார்!

இப்ப டாக்டர் சொல்றார், சிறுகுடல்ல கட்டியாம். கல்லீரல்லயும் ஒரு குட்டி போட்டிருக்காம். அது எதையோ சுரந்து ரத்தத்துல விடுதாம், அதான் மொகம் செவக்குதாம். அடப் பாவி மனுஷா, அப்ப பண்ணாத தப்ப ஏன்யா ஒத்துக்கிட்ட? வயித்தால போகுதுன்னு பாத்ரூமே கதின்னு கெடந்தாரே, அதுவும் இந்தக் கட்டி வேலதானாம். நான் என்னடான்னா, உங்களுக்கு ஃபோன் பேசத்தான் போறார்னு கதவுல காத வச்சு... சீச்சீ, அத விடுங்க.

நேத்து ஆபரேஷன். குடல்ல ஒரு மொழம் வெட்டி, ரெண்டு முனையையும் சேத்துத் தச்சிட்டாங்க. உங்க வேலதான்! கல்லீரல்ல இருந்ததையும் நோண்டி எடுத்தாச்சாம். "முழுசா எடுத்துட்டோம்"னார். நான் எப்படி நம்பறது? அவங்களுக்கு ஸ்கேன் மெஷினு, எனக்கு நீங்கதான் ஸ்கேனு. உங்களப் பாத்து செவக்கலன்னா கட்டி போச்சு, என் குடும்பம் பொழச்சுது.

ஆனா ஒண்ணு உறுத்துதுங்க. மனசு படபடன்னு அடிச்சுக்கிட்டாலும் செவக்கும்னு அதே டாக்டர்தான் சொன்னார். அப்ப இத்தன வருஷத்துல என்னப் பாத்து ஒரு தடவகூட ஏன் செவக்கல? ...அழுவேனா நான்? கர்ச்சீப் இருந்தா குடுங்க.

இந்தா, தொறந்துட்டாங்க! வாங்க, வாங்க... ஏங்க, கண்ணத் தொறங்க, யார் வந்திருக்கான்னு பாருங்க! பாத்துட்டார்... செவக்கல! காது? காதும் வெளுப்புதான்! அப்பாடா! டெய்லரம்மா, இனிமே நாம...

என்னங்க, உங்க மொகம் ஏன் இப்படிச் செவக்குது? கழுத்து வரைக்கும்! ஐயையோ, எங்க ஓடறீங்க? நில்லுங்க! டாக்டர்... டாக்டர்! அந்தம்மாவப் பிடிங்க, அவங்க வயித்துலயும் கட்டி இருக்கு! இருக்கும், கண்டிப்பா இருக்கும்... கட்டியாத்தான் டாக்டர் இருக்கணும்!