பிரிசில்லாவுக்கு வச்ச டெஸ்ட்டு

…அதான் கேக்குறேன், பெத்தவ பொண்ணுக்கு ஒத்தாச பண்ணா அது ஒரு தப்பாம்மா? சிதம்பரத்துல எம்.ஃபில் படிக்கிறா எம் பொண்ணு தமிழ்ச்செல்வி. புள்ளைங்க மனசப் பத்தின படிப்பாம். நானுந்தான் மூணு பெத்தேன், எங்க போயி படிச்சேன்? லீவுல வந்தா, "இப்ப கோவமா இருக்கியாம்மா"ன்னு தலய ஆட்டி மெதுவா கேக்குறா. அப்பிடிக் கேட்டப்புறந்தான் எனக்குக் கோவமே வருது.

சிரிக்காதீங்க. எதுத்த வூட்டுல பிரிசில்லான்னு ஒரு பொண்ணு, மூணாவது படிக்குது. வாய் ஜாஸ்தி, ஆனா எழுத்துக் கூட்டத் தெரியல. டீச்சரு தெனம் பெஞ்சு மேல ஏத்திடுறாங்க. அவ அம்மா வந்து அழுவுறா. எம் பொண்ணு, "நா டெஸ்ட்டு வச்சிப் பாத்து, இவளுக்கு எங்க கஷ்டம்னு எழுதிக் குடுத்தா ஸ்கூல்ல புரிஞ்சிக்குவாங்க"ன்னா. அவுங்க காலேஜு மேடம் பக்கத்துல ஒக்காந்து பாத்து, டெஸ்ட்டு வைக்கிற எம் பொண்ணுக்கும் மார்க்கு போடுவாங்களாம்.

மார்க்குன்னு காதுல வுழுந்தப்புறம் சும்மா இருக்க முடியுமா? மஞ்சக்குப்பத்துல டியூஷன் எடுக்குறவம்மா நானு. எங்கிட்ட படிச்ச ஒரு புள்ள ஃபெயிலானதில்ல. எம் பொண்ணு டெஸ்ட்டுப் பொட்டிய வூட்டுல வச்சிட்டு வெளிய போவா. நா பிரிசில்லாவக் கூப்புட்டு, பொட்டில இருந்த பதில் புக்கப் பாத்து, கட்டைய இப்பிடி அடுக்கு, இதுக்கு இப்பிடி சொல்லுன்னு மனப்பாடமே பண்ண வச்சிட்டேன்.

சிதம்பரத்துல மேடம் முன்னாடி போயி கேள்வி முடியறதுக்குள்ள பதில் சொல்லிருக்குது. மேடம் அசந்துட்டாங்கன்னுதான் நெனச்சேன். "யாருடா சொல்லிக் குடுத்தது"ன்னு கேட்டா, "சௌந்தரம் டீச்சரு"ன்னு எம் பேரயே பெருமையா சொல்லிருக்கு, பாவி பொண்ணு.

டெஸ்ட்டு செல்லாதாம். பதில் தெரிஞ்ச புள்ளக்கி மறுபடி ஒடனே வைக்கவும் கூடாதாம். இது இன்னா சட்டமோ. பிரிசில்லா இன்னும் பெஞ்சு மேலதான் நிக்கிது, அவ அம்மா என்னப் பாத்தா கதவ சாத்திக்கிறா. எம் பொண்ணு செல்ல எடுக்க மாட்டேங்குறா… அதத்தாம்மா என்னால தாங்க முடியல.

அதான் பஸ் ஏறி நேருல போறேன். டெஸ்ட்டுக்கு வேற புள்ளயத் தேடுறாளாமே, மடியில தூங்குறாளே இவ, எங்க ஓரகத்தி பேத்தி, இவளக் குடுத்துட்டு சமாதானமா வந்துடலாம்னு. பு.முட்லூர் தாண்டிடுச்சா? பாப்பா, எழுந்திரிடி. நாக்காலிக்கும் கட்டிலுக்கும் எது ஒத்துமன்னு கேட்டா இன்னா சொல்லணும்?

ஆங். யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டா?