ஜட்காக்காரரின் கைநாட்டு

வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கிய தண்டுப் பகுதியின் முனிசிபல் ஆபீசில் சைக்கிள் லைசென்ஸ் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால், சாலையில் சைக்கிளுக்குத் தனிப்பாதை கேட்கும் மனுவோடு இரண்டு இளைஞர்கள். ஜட்காக்காரர் ஒருவராவது சம்மதித்தால்தான் ஆபீஸ் துரை மனுவை வாங்குவாராம். பக்கத்து வரிசையில் நின்ற ஜட்காக்காரரைப் பிடித்துக்கொண்டார்கள்.

“பாய், கொஞ்சம் மனசு வைங்க.”

“அரே, ரோட்டை உங்களுக்குக் குடுத்துட்டு நான் ஆகாசத்துலயா வண்டி ஓட்டறது?”

“ஓரமா ரெண்டு முழம் போதும், பாய்.”

“அப்புறம் என் குதிரை பின்னாடி வந்து மணி அடிக்க மாட்டீங்களே?”

“சத்தியமா மாட்டோம்!”

“நேத்து உங்க மணிக்கு மிரண்டு குதிரை சவாரியோட பாதிரியார் வீட்டு வேலிக்குள்ள பூந்துடுச்சு. ரெண்டு முழம் பத்தாது தம்பி, மூணுன்னு எழுது!”

“டேய், சீக்கிரம் திருத்துடா! பாய் மனசு மாறறதுக்குள்ள கைநாட்டு வாங்கிடணும்!”