தாடையில ஆறு தையல்

இல்லக்கா, கெணத்தடியில வழுக்கி விழுந்தேன்னு அம்மை சொன்னது பொய். அவ அடுக்களைக்குள்ள போயாச்சு, இப்பமே சொல்லிருதேன். இந்தத் தழும்பு சைக்கிள் பந்தயத்துல பட்டது. ஆறு தையல். தம்பிக்குப் பொண்ணு பாக்க வள்ளியூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி அம்பைக்கு வந்திருக்கிய, ஒங்ககிட்ட மறைச்சு எனக்கு என்ன ஆவணும்?

ஆமா, சைக்கிள் பந்தயந்தான். சின்னப் புள்ளையில இல்ல. ரெண்டு வருசந்தான் ஆவுது, தொண்ணூத்தாறு ஐப்பசி. அப்பமே நான் பள்ளிக்கூடத்துல ட்ரில் டீச்சர். இருபத்திநாலு வயசு. வெளையாட்டுப் புத்தியில போனேன்னு நெனைச்சிராதீய, தெரிஞ்சுதான் போனேன்.

இதச் சொன்னா வரன் தட்டிப் போயிரும்னு அம்மைக்குப் பயம். முன்னால நாலு வந்துச்சு. ரெண்டு பேரு தாடையப் பாத்துட்டுப் போயிட்டாவ. ரெண்டு பேர நானே வேண்டாம்னுட்டேன். அப்பாவுக்கு வார ஆனியோட ரிட்டயர்மென்ட். அதான் கெணத்தடி, பாசி, ஆறு வயசுன்னு பாடம் படிச்ச மாதிரி ஒப்பிச்சிட்டுப் போறா. நீங்க கேட்டதும் நல்லதாப் போச்சு.

மாஞ்சோலை ரோடு பாத்திருக்கியளா? மணிமுத்தாறு அணைக்கு மேல ஏறும். பேருதான் ரோடு, கல்லும் குழியுமா பல்லு ஆடிப்போகும். மேல இருந்து கீழ செக்போஸ்ட் வரைக்கும் எறக்கம். ஒரு மிதி மிதிக்க வேண்டாம், நிப்பாட்டத் தெரிஞ்சா போதும். பந்தயம் நடத்துற சங்கத்துக்காரங்க வெயில்ல வைக்கணும்னுதான் நெனைச்சாங்க, மழை கேக்கலியே. மூணு நாளா விடாத அடமழை. தள்ளி வைப்பாவன்னு பாத்தா, பேர் குடுத்தவன் எல்லாம் வந்து நிக்கான், எப்படித் தள்ளி வைக்கது?

முப்பத்திநாலு பேரு. பொம்பளை நான் ஒருத்தி. பேர் எழுதுற மேசையில இருந்த ஆளு, ஒங்க தம்பிக்காம்மா எழுதணும்னு கேட்டாரு. எனக்குத்தான்னேன். பொம்பளைங்களுக்கு இல்லைன்னாரு. எங்க எழுதிருக்கு, காட்டுங்கன்னேன். நோட்டீசத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. எழுதல. யாருக்கும் தோணவே இல்ல போல. பேர எழுதிட்டு வந்துட்டேன்.

சிரிக்கியளே. சிரிங்க, நல்லாத்தான் இருக்கு.

என் வண்டி கியர் வண்டி இல்லக்கா. தடிச்ச டயரு, நேர்க் கைப்பிடி, அவ்வளவுதான். அம்பையில பாவா அண்ணாச்சி சைக்கிள் கடை தெரியும்லா? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. அவருதான் பிரேக் கட்டை புதுசு போட்டுக் குடுத்தாரு. தாயி, ஈரத்துல பிரேக்க ஒரேயடியா அமுக்குனா வழுக்கிட்டுப் போயிரும். பைய தொட்டுத் தொட்டு விடு, சக்கரத்துத் தண்ணியத் தொடைச்சிக்கிட்டே வரட்டும், வளைவுல முன் பிரேக்கு பக்கம் கைய வைக்காதன்னாரு. ஒரு மாசம் பள்ளிக்கூடம் விட்டதும் அணைக்கட்டு எறக்கத்துல அதத்தான் பழகுனேன். ஊருக்குள்ள பேசுனாவ. பேசட்டும், அவங்க வாய்க்கு நான் வாடகையா குடுக்கேன்?

பாதி வழியில ஒரு வளைவுல மாடன் நிக்காரு. வழிமாடன். எஸ்டேட் லாரியோ கவர்மென்ட் ஜீப்போ, அங்கன நிப்பாட்டி எறங்கித் திருநீறு பூசாம ஒரு சக்கரம் தாண்டாது. தாண்டுனா அடுத்த வளைவுல தூக்கிப் போட்டுருவாருன்னு பேச்சு. இது எனக்குக் கவலையாப் போச்சு. எறங்கி நின்னா பந்தயம் போச்சு. எறங்காமப் போனா மனசு ஒப்பாது, எனக்கும் பயம் உண்டுதான. அதனால மொத நாளே எஸ்டேட் பஸ்ல ஏறிப் போயி, தேங்காய் ஒடைச்சு சூடம் கொளுத்தி, நாளைக்கு நான் எறங்க மாட்டேன், கோவிச்சுக்கிடாதயும், இன்னைக்கே கும்பிட்டுக்கிடுதேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். தப்பா சரியா, நீங்களே சொல்லுங்க.

மத்தவங்க யாரும் அத யோசிக்கல பாத்துக்கிடுங்க. முன்னால போனதுல ஒம்பது பேரு மலையடிவாரத்துப் பயலுவ. பொறந்ததுல இருந்து அந்த எடத்துல நின்னு பழகுன கை. நிக்கக் கூடாதுன்னுதான் எல்லாவனும் நெனைச்சிருப்பான். மாடன் சூலம் கண்ணுல பட்டதும் கை தன்னால பிரேக்க அமுக்கிட்டு. ஒம்பது பேரும் ஒரே நேரத்துல. சகதியில ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து, ஒருத்தன் கீழ கெடந்துக்கிட்டே கும்பிடுதான். நான் ஓரமா மண்சரிவ ஒட்டி, தொட்டுத் தொட்டு, தாண்டிட்டேன்.

அதுக்குப் பொறவு முன்னால ஒரே ஒரு ஆளுதான். பதினேழாம் நம்பர். மஞ்சச் சட்டை, கியர் வண்டி, தலையில ஹெல்மெட்டு. வெளியூர்க்காரரு, அதனால மாடனுக்கு நிக்கல. நல்லாத்தான் ஓட்டுனாரு, இல்லைன்னு சொல்லக் கூடாது. ஓடைக்கிட்ட வந்ததும் பாத்தா, ரோட்டு மேல முழங்கால் தண்ணி போவுது. எறங்கிட்டாரு. வண்டியத் தோள்ல தூக்கிக்கிட்டு நடக்காரு. ஹெல்மெட்டுல தண்ணி வழியுதுன்னு கழட்டிக் கையில மாட்டிருக்காரு. மொகத்த நான் நல்லாப் பாத்தேன்.

நான் எறங்கல. எறங்குனா திரும்ப ஏற எனக்குக் கால் வராதுன்னு தெரியும். அப்படியே விட்டேன். அவருக்கும் எனக்கும் நடுவுல ஒரு கை எடம் கெடந்துச்சு. ஒரு பொம்பளை தண்ணியக் கிழிச்சிக்கிட்டு வாரதப் பாத்து அரண்டு போயி, அவரே வழுக்கி வண்டியோட தண்ணியில உக்காந்துட்டாரு. நான் தொடவே இல்ல. அக்கரை ஏறும்போது நானும் விழுந்தேன். தாடை கல்லுல அடிச்சுது. வாயெல்லாம் ரத்தம். எந்திரிச்சு திரும்பிப் பாத்தேன், அவரு இன்னும் தண்ணியிலதான் உக்காந்திருந்தாரு. வண்டிய எடுத்தேன், வந்துட்டேன். செக்போஸ்ட்ட மொதல்ல தாண்டுனது நான். மேல்சட்டை முழுக்க ரத்தமா வந்து நின்னேன், எனக்கு அழுகை வரல, சிரிப்புத்தான் வந்துச்சு.

அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாவ. தையல் போட்டுக்கிட்டு இருக்கும்போதே பரிசு குடுத்து முடிச்சாச்சு. மறுநாள் பாவா அண்ணாச்சி வந்து சொல்லுதாரு, மொதப் பரிசுக் கப்பு பதினேழாம் நம்பருக்காம். ஓடையில நான் ஹேண்டில்பாரால இடிச்சுத் தள்ளிட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாராம். ஓடைக்கிட்ட கொடி புடிச்ச ஆளு மழைக்கு சாக்கத் தலையில போட்டு அங்கிட்டுத் திரும்பி நின்னுட்டான். என் பேர அடிச்சிட்டாவ. வருத்தம் வேண்டாம்னு எனக்கு ஒரு எவர்சில்வர் கொடம் குடுத்து விட்டாவ. கொடத்தத் திருப்பி அனுப்பிட்டேன். தண்ணி எடுக்கவா அந்த மழையில எறங்குனேன்?

பேர அடிச்சது கூடப் பரவாயில்லக்கா. பள்ளிக்கூடத்துல என் புள்ளைங்க கேட்டாங்க, டீச்சர், நெசமாவே தள்ளி விட்டியளான்னு. அது இன்னைக்கும் ஆறல.

காப்பி குடிங்க, ஆறிரப் போவுது. இன்னும் கொஞ்சந்தான் இருக்கு.

போன வெள்ளிக்கிழமை தரகரு ஒங்க தம்பி போட்டோவக் குடுத்துட்டுப் போனாரு. பாத்ததும் வரச் சொல்லுங்கன்னுட்டேன். நாலு வரன் வந்தும் மொகம் குடுக்காதவ இப்படிச் சொன்னதும் அம்மைக்குத் தலைகால் புரியல. அப்பா ஒங்க வீட்டுக்கு வந்துட்டு வந்து, மாப்பிள்ளையும் சைக்கிள்ல மாவட்டத்துலயே மொதலாம், கண்ணாடி அலமாரியில கப்பு வச்சிருக்காவ, நல்ல பொருத்தம்மான்னு ஒரே பூரிப்பு. அவருக்கு வெவரம் தெரியாது. நான் பேரு சொன்னதில்ல.

ஆமாக்கா. ஒங்க தம்பி கணேஷ்ராம். அவருதான்.

உக்காருங்க, எதுக்கு எந்திரிக்கிய. நான் வேண்டாம்னு சொல்லலியே. ஆளு மோசமில்ல, பயத்துல ஒரு பொய் சொல்லிட்டாரு, எங்க அம்மை சொல்லலியா. ஆனா அந்தக் கப்பு என்னோடது. வார ஞாயித்துக்கிழமை அத எடுத்துக்கிட்டு அவரே வரணும். இந்த வீட்டுக்கு வேண்டாம். பாவா அண்ணாச்சி கடைக்கு வரட்டும், என் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களும் அங்கன நிக்கும். இவ என்னையத் தள்ளல, நானாத்தான் விழுந்தேன்னு எல்லாரு காதுலயும் விழ ஒருவாட்டி சொல்லட்டும். பொறவு ஜாதகம் பாக்கலாம்.