குப்பை விழாத மூலை

மென்ற சூயிங்கத்தை நான் ஒருநாளும் தெருவில் துப்பியதில்லை, ஐயா. காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். இந்த விசாரணைக்கும் அப்படித்தான் வந்திருக்கிறேன்.

மெக்சிக்கோ நகரத்தில் எங்கள் தெருவின் குடியிருப்போர் குழுவுக்குப் பதினோரு ஆண்டுகளாக நான் தலைவர். என் எழுதுபொருள் கடைக்கு எதிர்மூலைதான் என் துயரம். குப்பை வண்டியின் மணி ஒலிக்கும்போது உறங்கிக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் பிறகு பைகளை அங்கே கொண்டுவந்து வைப்பார்கள். நகரத்தில் பலரும் செய்வதையே நானும் செய்தேன். குவாதலூப்பே மரியன்னைக்கு அந்த மூலையில் ஒரு மாடம் கட்டினேன். அன்னையின் காலடியில் குப்பை வைக்கும் துணிவு யாருக்கும் வரவில்லை. ஆனால் வேண்டிக்கொள்ள வந்தவர்கள், மென்றபடி வேண்டுவது மரியாதையன்று எனக் கருதி, சூயிங்கத்தை வாயிலிருந்து எடுத்து மாடத்தின் அடியில் ஒட்டிவிட்டுச் சிலுவைக்குறி இட்டார்கள். இடம் போதாமல் தரையிலும் ஒட்டினார்கள். பக்தி மிகுந்த பகுதி எங்களுடையது.

தெருக்கூட்டும் நிக்கனோர் முழங்காலிட்டு ஒரு தகட்டால் அவற்றைச் சுரண்டுவார்.

“என்ன தலைவரே, ஊர்சனமெல்லாம் மாதாவுக்கு முன்னாடி மண்டி போடுது, நான் மட்டும் சூயிங்கத்துக்கு முன்னாடி மண்டி போடறேன். மேல போனா இதையும் ஜெபம்னு ஒத்துக்குவாங்களா?”

எல்லாரும் சிரிப்பார்கள். தெரு முழுவதற்கும் அவர்மீது அன்பு. அதைக் கவனத்தில் கொள்ளுங்கள், முக்கியமானது.

பக்கத்துத் தெருவில், லாரி மோதி இறந்த தபால்காரருக்காக நட்ட இரும்புச் சிலுவையை ஒருநாள் பார்த்தேன். அதைச் சுற்றி ஒரு காகிதத் துண்டுகூட இல்லை. செத்த காகத்தைத் தொங்கவிட்ட வயலில் மற்றக் காகங்கள் இறங்குவதில்லை அல்லவா? அன்னையிடம் கேட்பதற்கு எல்லாருக்கும் ஏதோ இருக்கிறது, அதனால் நிற்கிறார்கள். இறந்தவரிடம் கேட்க ஒன்றுமில்லை; தலைகுனிந்து விலகிப் போகிறார்கள்.

அன்னையை மரியாதையுடன் என் கடைக்குள் மாற்றிவிட்டு, அங்கே ஒரு சிலுவை நட்டேன். பிலெமோன் என்று ஒரு பெயரைக் கற்பனை செய்து எழுதினேன். மூன்றாம் நாள் எங்கள் தெரு ஒப்தூலியா அம்மாள் தம் குப்பைப் பையை அதன்மேலேயே மாட்டினார்.

“யாருப்பா இந்தப் பிலெமோன்? நாப்பது வருஷமா இருக்கேன், இந்த மூலையில யாரும் சாகலையே. யாராச்சும் நெசமா செத்தா சொல்லு, பூ கொண்டாரேன்.”

அவர் சொன்னது நியாயம். முதலில் அவரையே எண்ணினேன் என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் அவருக்காகத் தெரு துக்கப்படாது. துக்கமில்லாத சிலுவையில் மறுபடியும் பைதான் தொங்கும். எல்லாரும் நேசிக்கும் ஒருவர் தேவைப்பட்டார்.

மூன்று நாள் விடாமல் மழை பெய்திருந்தது. விடியலில் அந்த மூலையிலுள்ள சாக்கடைக் குழியின் இரும்பு மூடியைக் கழற்றினேன். எங்கள் நகரத்தில் மூடிகள் திருடுபோவது வழக்கம், யாரும் வியப்பதில்லை. குழியின்மேல் ஈர அட்டையை விரித்து, இலைகளைப் பரப்பி, நடுவில் காற்றடைத்த ஒரு குப்பைப் பையை வைத்தேன். தெருவில் நான் குப்பை வைத்தது அந்த ஒருமுறைதான். அதற்காக வெட்கப்படுகிறேன்.

“பாருங்க தலைவரே, திரும்பவும் ஆரம்பிச்சுட்டாங்க,” என்று சிரித்தபடி நிக்கனோர் அதை எடுக்கப் போனார். கடை வாசலில் நின்று கையசைத்தேன். கீழே வெள்ளம் வேகமாக ஓடியது, அதிகம் துன்பப்பட்டிருக்கமாட்டார். சிலுவையில் பிலெமோனை அழித்து அவர் பெயரை எழுதினேன். இரும்பு வீணாகவில்லை.

மூடியை என் கடையின் பின்னறையில் கண்டெடுத்தீர்கள். எங்காவது பள்ளத்தில் எறிந்திருந்தால் தப்பியிருப்பேன் என்று உங்கள் உதவியாளர் கேலி செய்தார். பொது இடத்தில் எதையும் எறிவது என் வழக்கமன்று.

ஆறு வாரமாக அந்த மூலை கண்ணாடிபோல் இருக்கிறது. ஒப்தூலியா அம்மாள்கூட எதிர்ப்பக்கமாகத்தான் நடக்கிறார். குறை ஒன்றே ஒன்று. நிக்கனோரின் மனைவி எவுஃபேமியா நாள்தோறும் பூ கொண்டுவருகிறார், இதழ்கள் உதிர்கின்றன. பிளாஸ்டிக் பூ வைக்கலாமே என்று கனிவாகச் சொன்னேன்.

“அவரு இருந்திருந்தா இதையும் கூட்டி அள்ளியிருப்பாரு, தலைவரே,” என்று அழுதார்.

அவர் இருந்தவரை அந்த மூலை ஒருநாளும் சுத்தமாக இருந்ததில்லை என்பதை அந்த அம்மாளுக்கு யார் எடுத்துச் சொல்வது?