அம்பு வளையல சார்

சுஹைப்: ...இப்ப பாரு ஜெமிமா. வந்துச்சா அம்பு?

ஜெமிமா: வந்துச்சு. பேப்பரை வுட்டு வெளிய போயிட்டுது.

சுஹைப்: காத்து வாங்கப் போயிருக்கும். ராயபுரம் வெயிலு அப்படி.

ஜெமிமா: மணி மூணு தாண்டிடுச்சு. நாலு மணிக்குள்ள ப்ராஜெக்ட் என் கைடு சங்கரநாராயணன் சார் கையில இருக்கணும். அவரு மனசு வெக்கலன்னா எம்.எஸ்சி. இன்னொரு வருஷம்.

சுஹைப்: எங்க மாமு கடையில போல்ட்டு நட்டு வித்துகினே உனுக்கு லேட்டெக் சாஃப்ட்வேர்ல கணக்குப் படம் போட்டுத் தரேன். அதிகாரம் வேற!

ஜெமிமா: நாலு எழுத்து, நாலு அம்பு, ஒரு சதுரம். பென்சில்ல ஒரு நிமிஷம்.

சுஹைப்: பென்சில்ல போட்டா அது வூட்டுக்கணக்கு. லேட்டெக்ல போட்டாதான் ஆராய்ச்சி.

ஜெமிமா: ஆர் அடிச்சா அம்பு வலது பக்கம் போவும், டி அடிச்சா கீழ போவும். இதுல இன்னா ஆராய்ச்சி?

சுஹைப்: சொன்ன பேச்சு கேக்கணுமே அது. எண்பதாவது வரில தப்பாம்.

ஜெமிமா: ஃபைலே அறுபது வரிதானடா!

சுஹைப்: அதான்... பெரிய தப்பு.

லியாகத் அலி: டேய், கடையில ஆளு நிக்கிறாரு... இன்னாடா அது, லாரி ரூட்டா?

சுஹைப்: கிட்டத்தட்ட அதான் மாமு. இந்த மூலைல கெளம்பி மேல் வழியா போனாலும், கீழ் வழியா போனாலும், அந்த மூலைல ஒரே விடை வரணும். வந்தா இவ தேற்றம் பாஸு.

லியாகத் அலி: வராட்டி?

சுஹைப்: ...வராட்டி இன்னா மாமு. வரும்.

ஜெமிமா: வரும் மாமா. சாரே சொல்லியிருக்காரு.

லியாகத் அலி: அப்ப சரி. சார் சொன்னா லாரி கூட பறக்கும். நான் போய் ஆளைப் பாக்குறேன்.

சுஹைப்: ஜெமிமா... கீழ் அம்பை லைட்டா வளைச்சா ஷோக்கா இருக்கும்.

ஜெமிமா: வளைச்சுக்கோ. மேல கீற லேபிளையும் தள்ளி வை.

சுஹைப்: நாலாவப் போவுதே?

ஜெமிமா: பரவால்ல. கலீஜா குடுக்கக் கூடாது பாரு.

சுஹைப்: இவ்ளோ நேரம் கொரவளைய புடிச்சவ நீதானா?

ஜெமிமா: இரு, சார் போன்... ஹலோ, சார்... இல்ல சார், ரெடியாவல... அம்பு வளையல சார்... சுஹைப்தான் டைப் பண்றான்... ஆமா சார், அதே சுஹைப்தான்... ஒரு வாரமா? தேங்க்ஸ் சார்.

சுஹைப்: "அதே சுஹைப்"னா இன்னா அர்த்தம்?

ஜெமிமா: அவராண்ட படிச்சப்ப ஃபைலைத் தொலைச்ச அதே சுஹைப்பான்னு அவரு கேட்டாரு, நான் ஆமான்னேன். அடுத்த வாரம் குடுக்கச் சொன்னாரு. மொதல்ல உன் கையிலேர்ந்து ஃபைலைப் புடுங்கச் சொன்னாரு.

சுஹைப்: ஒரு வாரமா... அப்பாடா!

ஜெமிமா: நீ ஏன்டா அப்பாடாங்கிற?

சுஹைப்: திட்டாத... டைப் பண்றப்பவே ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன். மேல் வழியா மூணு வருது. கீழ் வழியா மைனஸ் மூணு.

ஜெமிமா: கீழ் அம்புல ஒரு மைனஸ் போட்டுட்டா?

சுஹைப்: இது சரியாவும், அதே அம்பு வர்ற அடுத்த பக்கத்துச் சதுரம் பூட்ட கேஸு. அந்தக் கீழ் அம்பே சாரோட பழைய பேப்பர்லேர்ந்து எடுத்தது. அது தப்புன்னு உன்கிட்ட எந்த வாயால சொல்றது? சொல்லாம வுட்டா உன் பேருல அச்சேறும். அதான் நாலு மணி தாண்டட்டும்னு... நானே ஃபைலைக் கெடுத்துகினு இருந்தேன்.

ஜெமிமா: தெரியும். சதுரத்துல இல்லாத மூலைக்கு நீ அம்பு வுட்டப்ப பின்னாடிதான் நின்னுகினு இருந்தேன். அந்த மைனஸ் மூணு எனக்குப் போன வாரமே வந்துடுச்சு. சாரோட அம்பு தப்புன்னு சாராண்டயே சொல்ல, வேற வழி கண்டுபுடிச்சுகினுதான் போவணும்... அதுக்கு டைம் வேணும். முழுசா டைப் பண்ண ஃபைலு என் பையில கீது. ஆனா நான் டைப் பண்ணி அம்பு வரலன்னா சார் நம்பமாட்டாரு. நீ டைப் பண்றேன்னா கேள்வியே கேக்கமாட்டாரு. அதான்டா உன்னாண்ட வந்தேன்.