வாத்தியார் தலையசைத்த ஆட்டம்

குரோம் தோலைச் சீவும்போது கொட்டுகிற நீலத் தூளைப் பசையில் குழைத்து அட்டையில் தடவினால், காய்ந்த பிறகு அசல் பனிமலை மாதிரி இருக்கும். இதைக் கண்டுபிடித்தவன் நான்தான். நம் சங்கத்து மேசையில் இருக்கிற மலைகள், குன்றுகள், நடுவில் இருக்கிற கல்பாலம் எல்லாம் என் கைவேலை. முப்பத்தொரு வருஷம் ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் பார்த்த கை.

அஃப்ஷா, நீ செயலாளர் என்ற முறையில் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறாய். ஏப்ரல் மாத ஜோடி ஆட்டத்தின் முடிவு செல்லாது என்று நவீத் புகார் கொடுத்திருக்கிறானாம். நீ அன்று ஊரில் இல்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். புது உறுப்பினர்களும் படிப்பார்கள் என்பதால் ஆட்டத்தையும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

கட்டைவிரல் உயரப் பொம்மைகள். பூதம், டிராகன், எலும்புப் படை, ஓநாய்ப் படை. ஒவ்வொன்றுக்கும் நாமே வண்ணம் அடிக்கிறோம். அளவுகோல் வைத்து நகர்த்தி, தாயக்கட்டை உருட்டிச் சண்டை போடுகிறோம். வெளியாள் பார்த்தால் பிள்ளை விளையாட்டு. ஆனால் நவீதின் ஜோடி ஃபஹீமின் பூதம் ஒன்று காணாமல் போய், எங்கள் கம்பெனி அனுப்பிய ஷூ பெட்டிக்குள் இத்தாலிக்கே போய்விட்டது. அங்கே பெட்டியைத் திறந்த அம்மாள், ஒரு ஜோடி ஷூவுக்கு ஒரு பூதம்தானா, இன்னொன்று எங்கே என்று கம்பெனிக்குக் கடிதம் போட்டாள். இது பொய் என்பவர்கள் ஃபஹீமிடம் கேட்டுக்கொள்ளட்டும். அவனும் பொய் என்றுதான் சொல்வான்.

ஜோடி ஆட்டத்தில் பக்கத்துக்கு இரண்டு பேர், இரண்டு படை. ஐந்து சுற்று முடியும்போது பாலம் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குக் கேடயம். ஆட்டக் கடிகாரம் ஓட ஆரம்பித்தால் ஜோடிக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. நவீதும் ஃபஹீமும் உருதுவில் குசுகுசுக்கிறார்கள் என்று நாங்கள் சண்டை போட்டோம். நாங்கள் பைபிள் வசன எண்ணைச் சொல்லி ஜாடை காட்டுகிறோம் என்று அவர்கள் சண்டை போட்டார்கள். இரண்டும் உண்மைதான். அதனால் வந்த விதி. பேச்சுக்குப் பதில் சீட்டு எழுதலாம், அதை எதிராளிக்கும் படித்துக் காட்ட வேண்டும். ஒருவர் தலையசைத்தால் அவருடைய படையை மற்றவர் நகர்த்தலாம். நடுவில் யாராவது எழுந்து வெளியே போனால் அந்த ஜோடி தோற்றது. மேசை அருகே தின்பண்டம் கூடாது, பைகள் வெளியே அலமாரியில். இத்தனையும் எழுதியவர் என் ஜோடி இன்பசேகரன்தான். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கணியம்பாடிக்காரர். விதி எழுதுவது என்றால் அவருக்கு வெல்லம்.

அவரோடு ஒன்பது வருஷம் ஜோடி போட்டேன். ஒன்பது வருஷமும் என் டிராகனைப் பின்வரிசையிலேயே நிற்க வைத்தார். "நத்தானி, அது இன்னா கோயில் யானையா, முன்னாடி வுட்டு வேடிக்கை பாக்க? மூளைய யூஸ் பண்ணுப்பா." எல்லார் முன்னாலும் இதைச் சொல்வார். நவீத் சிரிப்பான். என் டிராகனின் சிறகுக்கு நான் பதினோரு கோட் வண்ணம் அடித்திருந்தேன்.

மார்ச் கடைசியில் டீக்கடையில் வைத்துச் சொன்னார், இதுதான் நம் கடைசி ஆட்டம் என்று.

"அடுத்த வருஷம் பெர்சிஸ்கூட ஆடறேன்."

பெர்சிஸ் அவர் மகள். வேலூரில் நர்ஸ். ஆட ஆரம்பித்து எட்டு மாதம்கூட ஆகவில்லை.

"அவளுக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

"சொன்னா கேட்டுக்கத் தெரியும். உன்கூட ஒக்காந்தா எனக்கு பேஜாரா கீது நத்தானி. சண்டை எதிராளியோடவா உன்னோடவான்னே புரியல."

டீக்கு அவரே காசு கொடுத்தார். அதையும் நான் மறக்கவில்லை.

இப்போது ஒரு விஷயத்தை நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். வாத்தியாருக்குச் சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி, போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும். போன வருஷ ஆட்டத்தில் அவர் மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது சுற்றில் லேசாக வேர்த்தது, பார்வை எங்கோ போனது, நான் எதைக் காட்டினாலும் தலையசைத்தார். டிராகனை முன்னால் விட்டேன். ஜெயித்தோம். அப்புறம் வெளியே போய் இரண்டு தேன்மிட்டாய் தின்றதும் பழைய வாத்தியார் ஆகி, "டிராகன ஏன்யா வுட்ட?" என்று கத்தினார். அன்றைக்குத்தான் எனக்கு அவர் சுபாவம் பிடிபட்டது. சர்க்கரை கொஞ்சம் கம்மியாக இருக்கும்போது அவர் தங்கமான மனிதர்.

அதற்குப் பிறகுதான் பெர்சிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பாடம் எடுத்தாள். "அங்கிள், அப்பாவுக்கு வேர்த்துச்சுன்னா, பேச்சு கொழறுச்சுன்னா, ஒடனே இனிப்பு குடுத்துடுங்க. லேட் பண்ணா மூளைக்கே ஆபத்து. நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க, உங்கள நம்பித்தான் வுடறேன்." நன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். எனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நவீதும் ஃபஹீமும் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு ஏப்பத்தோடு வந்தார்கள். எங்களுக்குப் பிரியாணி ஒன்றரைக்கு வரவேண்டும். நான் கீழே போய்ப் பார்த்துவிட்டு மேலே வந்து, "வந்துடுச்சு வாத்தியாரே, ஊசியப் போட்டுக்கோ" என்றேன். போட்டுக்கொண்டார். திரும்பக் கீழே போய் வந்து, "அது வேற வூட்டு ஆர்டராம். நம்மளது பத்து நிமிஷத்துல வருதாம். அதுக்குள்ள மொத சுத்த ஆரம்பிச்சுடலாம்" என்றேன்.

அவர் என்னை முறைத்தார். "ஒரு பிரியாணிய ஒழுங்கா சொல்ல வரல உனக்கு."

அவர் என்னிடம் பேசிய கடைசி வாக்கியம் இது. நவீத் கடிகாரத்தைத் தட்டினான்.

அவர் பையை நானே கொண்டுபோய் அலமாரியில் மாட்டினேன். தேன்மிட்டாய் அதில்தான் இருந்தது. விதி அது.

பிரியாணி பத்து நிமிஷத்தில் வரவில்லை. கடைக்காரன்மேல் தப்பில்லை. ஆறு மணிக்குக் கொண்டுவந்தால் போதும் என்று காலையிலேயே ஃபோனில் சொல்லியிருந்தவன் நான்.

முதல் இரண்டு சுற்று அவர் வழக்கம்போல டிராகனை மறித்துத் தன் எலும்புப் படை ஈட்டிக்காரர்களை நிறுத்தினார். மூன்றாவது சுற்றில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"அங்கிளுக்கு ஜாஸ்தியா வேர்க்குதே" என்றான் ஃபஹீம்.

"ஏப்ரல் மாசம் ஆம்பூர்ல வேர்க்காம பனியா கொட்டும்? நீ உருட்டுப்பா" என்றேன்.

நான் டிராகனைத் தொட்டுக் காட்டினேன். வாத்தியார் தலையசைத்தார். அது நவீதின் ஓநாய்ப் படையின் இடதுபக்கத்தை மொத்தமாகத் தின்றது. ஒன்பது வருஷம் காத்திருந்த மிருகம், பசி இருக்காதா?

நான்காவது சுற்றில் அவர் பென்சிலை எடுத்து ஒரு சீட்டு எழுதினார். கரும்பலகையில் அளவுகோல் வைத்தமாதிரி எழுதுகிற மனிதர். அன்றைக்கு எழுத்து படியிறங்கிக்கொண்டே போனது. 'இனிப்பு' என்பதில் முதல் மூன்றெழுத்து தெரிந்தது, கடைசி எழுத்து கோடாக ஓடிவிட்டது. சீட்டை என் கையில் வைத்து அழுத்தினார். அவர் கை ஈரமாக, சில்லென்று இருந்தது. சீட்டைப் படித்துக் காட்டச் சொன்னான் நவீத்.

"பாலத்த வுடாதேன்னு எழுதியிருக்கார்" என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இது விதிமீறல். இதை நான் மறுக்கவில்லை. சீட்டில் இருந்ததை அப்படியே படித்திருக்க வேண்டும். நவீதின் புகாரில் நியாயம் உள்ள ஒரே இடம் இதுதான்.

நாலரைக்கு அவர் கண் மூடிவிட்டது. நவீத் எட்டிப் பார்த்தான். "அங்கிள், அவர் தூங்கறாரா இன்னா?" நேற்று ராத்திரி சர்ச்சில் உபவாச ஜெபம், தூக்கமில்லை என்றேன். வாத்தியார் ஜெபத்துக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. அவர்களுக்கு அது தெரியாது. மரியாதைக்காகக் குரலைத் தாழ்த்தி ஆடினார்கள். நல்ல பையன்கள்.

ஐந்தாவது சுற்றில் பாலத்தின்மேல் என் டிராகனும் அவர்களுடைய பூதமும். வாத்தியாரின் ஈட்டிக்காரர்களை நகர்த்த எனக்கு அவர் சம்மதம் வேண்டும். கேட்டேன். அவர் தலை மெல்ல முன்னால் விழுந்தது. அதைத் தலையசைப்பாக எடுத்துக்கொண்டேன். நவீத் அப்போது ஆட்சேபிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும். ஐந்தே முக்காலுக்குப் பாலம் எங்களுடையது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நான்தான் முதலில் சத்தம் போட்டேன். ஃபஹீம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். நவீத் கார் ஓட்டினான். அலமாரியில் பையைத் தேடி எடுத்து, தேன்மிட்டாயைக் காட்டி, "இதோ இருக்குதே, சொல்லியிருக்கக் கூடாதா" என்று அழுதவனும் நான்தான். வண்டி கிளம்பிய பிறகு பிரியாணி வந்தது. ஆறு மணி, சொன்னால் சொன்ன நேரம். என் பங்கைச் சாப்பிட்டேன். மேசையைத் துடைத்து, பொம்மைகளை இரண்டு பேர் பெட்டியிலும் பிரித்து அடுக்கினேன். ஒரு ஈட்டிக்காரனுக்குக்கூடக் கீறல் இல்லை.

டாக்டர்கள் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆக, கொலை அது இது என்று நவீத் டீக்கடையில் பேசுவது சரியான வார்த்தை இல்லை. வாத்தியார் கணியம்பாடி வீட்டில் இருக்கிறார். நாற்காலியில் உட்கார வைத்தால் உட்காருகிறார். ஊட்டினால் விழுங்குகிறார். பேச்சு இல்லை, இனி வராதாம். பெர்சிஸ் என்னை வீட்டுக்குள் விடுவதில்லை. அவள் டியூட்டிக்குப் போனபிறகு, பார்த்துக்கொள்கிற கண்ணம்மாள் விடுகிறாள். வெள்ளந்தியான மனுஷி. "அய்யாவுக்கு உங்கள வுட்டா யாரு சார் கீறாங்க" என்பாள்.

வாரம் மூன்று நாள் மாதனூரிலிருந்து பஸ் பிடித்துப் போகிறேன். அவர் முன்னால் சின்ன மேசை போட்டுப் படையை அடுக்குகிறேன். டிராகன் முதல் வரிசையில். இரண்டு மணி நேரம் ஆடுகிறோம். ஒரு சண்டை இல்லை, ஒரு குத்தல் பேச்சு இல்லை. ஒன்பது வருஷத்தில் எங்களுக்குள் இத்தனை ஒற்றுமை இருந்ததே இல்லை. பெர்சிஸோடு ஆடியிருந்தால் இது கிடைத்திருக்குமா என்று அவரைக் கேட்டேன். அவருக்கும் அதே எண்ணம்தான் என்று முகத்தில் தெரிந்தது.

சீட்டைத் தவறாகப் படித்ததற்கு ஒரு சுற்றுப் புள்ளியைச் சங்கம் குறைத்துக்கொள்ளலாம். குறைத்தாலும் பாலம் எங்களுடையதுதான்.

அடுத்த வருஷ ஜோடி ஆட்டத்துக்கான விண்ணப்பத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன், இரண்டு பேர் பெயரிலும். வாத்தியாரின் கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை இருக்கிறது. சம்மதமா என்று கேட்டுவிட்டுத்தான் விரலைப் பிடித்து வைத்தேன். அவர் மறுக்கவில்லை.